முதல் வார்த்தை டிரைவருக்கு

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, பஸ் கண்டக்டரான அவளுக்கு வேலையே போய்விடும் என்றுதான் தோன்றியது. இருந்த லீவு இருபது நாளில் தீர்ந்தது. மீதி நாட்களுக்குக் கைகொடுத்தவர் அவள் பஸ்ஸின் டிரைவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். "நீ டிக்கெட்டை மட்டும் குடும்மா, ஸ்டாப்பை நான் சொல்லிக்கிறேன்" என்றவர், நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினார்.

இன்று காலை டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். முதல் வார்த்தை தனக்குத்தான் என்று கணவனும் மகளும் போட்டி போட்டார்கள். அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'அது டிரைவர் அண்ணனுக்கு.'

"அப்ப நாங்களும் வர்றோம்" என்று கணவன் செருப்பை மாட்டினான்.

பஸ் கிளம்பியதும் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணே," என்றாள். கரகரப்பாக இருந்தாலும் அது அவளுடைய குரலேதான். "நீங்க செஞ்சதை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். ரொம்ப நன்றிண்ணே."

அவர் திரும்பவில்லை. கண் கலங்கியது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

"ஸ்டாப் வரப்போகுது," என்றார். "இனிமே நீயே சொல்லும்மா. என்னால ஆகல."

பஸ்ஸே சிரித்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மார்க்கெட் இறங்குறவங்க வாங்க."

சத்தம் பெரிதாக எழவில்லை. ஆனாலும் கடைசி சீட்டில் இருந்தவர் வரைக்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மகள்தான் முதலில் கைதட்டினாள்.