பொங்கல் வரைக்கும் பேசிய விறகு

கேஸும் மண்ணெண்ணெயும் இல்லாத சனம் சாக்குப் பைகளோடு, நான் விறகு விற்கும் விறகுகாலையின் படலை வாசலில் வரிசையாக நின்றது. உள்ளே மிச்சம் ஒரே ஒரு கும்பி விறகு. வருஷம் முழுக்க, அடுத்த பொங்கல் வரைக்கும், ஒரே விலைக்கு விறகு தருவதாகப் பேக்கரிப் பரமலிங்கத்திடம் பேசியிருந்தேன். இப்போது விலை மூன்று மடங்கு. அந்தக் கும்பியைச் சனத்துக்கு விற்றால் இந்த வருஷம் தப்பிவிடுவேன். பேச்சை முறித்தால் என்ன?

லண்டனில் எண்ணெய்ச் சந்தையில் வேலை செய்யும் என் மருமகன் டிலக்ஷனிடம் போனில் கேட்டேன். அங்கேயும் இதே வியாபாரம்தானாம். இனி வரப்போகும் எண்ணெய்க்கு இன்றைக்கே விலை பேசுகிறார்கள். முந்தி ஒரு மண்டபத்தில் நின்று கத்தினார்கள். இப்போது எல்லாம் கொம்பியூட்டர்.

"விலை ஏறினா வித்தவன் ஓடமாட்டானோ?"

"ஓடேலாது மாமா. ஒவ்வொரு நாளும் கணக்குத் தீர்ப்பம். ஏறினா வித்தவன் அண்டைக்கே காசு கட்டவேணும். விழுந்தா வாங்கினவன்."

"அப்ப ஒருத்தரும் ஒருத்தரை நம்பிறேல்லை."

"நம்பத் தேவையில்லை."

படித்த சனத்துக்கும் என் புத்திதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"வாங்கிறவன் அவ்வளவு எண்ணெயையும் எங்கை வைப்பான்?"

"கனபேர் கண்ணாலையும் காணாயினம். வாறதுக்கு முந்தி வேறை ஆளுக்கு வித்துப்போடுவினம்."

"உவங்கள் கள்ளர்."

அடுத்த நாள் பரமலிங்கம் லாண்ட்மாஸ்ரர் வண்டியோடு வந்தான். கோதுமை மா வராமல் அவனுடைய பாண் சுடும் போறணை ஆறிக் கிடப்பது ஊருக்கே தெரியும்.

"போறணை எரியேல்லை. விறகு என்னத்துக்கடாப்பா?"

அவன் ஒளிக்கவில்லை. "விக்கத்தான் அண்ணை. வேலைக்கு நிக்கிற பெடியளுக்குச் சம்பளம் குடுக்க வேறை வழியில்லை."

"என்ரை விறகை என்ரை படலையிலை வச்சோ?"

"பேசின விறகு அண்ணை. அது என்ரை."

டிலக்ஷன் சொன்ன, வாங்கியதை எரிக்காமலே விற்கும் ஆள் எனக்கு முன்னால் சாரம் கட்டியபடி நின்றான். போன வருஷப் பேச்சில், மழைக்கு மரங்கள் விழுந்து விறகு மலிந்தபோதும் பேசிய விலையைத்தான் தந்தான். ஒரு முணுமுணுப்பும் இல்லை. அப்போதே அவனில் எனக்குச் சந்தேகம்.

"கும்பி முழுக்கத் தராசிலை ஏத்து" என்றேன்.

வண்டி படலையைத் தாண்டியதும் நின்றது. பரமலிங்கம் இறங்கிப் பின்பலகையைத் திறந்தான். வரிசையின் வால் மெல்ல அவன் பக்கம் திரும்பியது. முன்னால் நின்றவர்கள், நான் இன்னும் எதையோ உள்ளே பதுக்கி வைத்திருப்பதாக நினைத்து, என்னையே பார்த்தபடி நின்றார்கள். எனக்குப் பின்னால் மரப்பட்டையும் சிராயும்தான் கிடந்தன.