நிறுத்தப் பொத்தான் இல்லாத அம்மா

நான்கு நாட்களாக மகள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட எட்டித் தானே எடுத்துக்கொண்டாள்.

அம்மா செய்த குற்றம் இதுதான். கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து மொத்த அணியும் வாசலில் நின்றிருந்தபோது, கைக்குட்டையின் ஓரத்தை நாக்கில் தொட்டு, மகளின் மோவாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். மகளுக்கு வயது பதினைந்து, அணித்தலைவி வேறு. அன்றிலிருந்து அணியில் அவள் பெயர் 'பாப்பா'.

சனிக்கிழமை இறுதிப் போட்டி. அம்மா போகலாமா, கூடாதா? கேட்டால், "வராதே" என்று பதில் வந்துவிடுமோ என்று பயம். லீவு மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்பது. தலையில் ஹெட்செட், குரலில் தேன். யார் எப்படித் திட்டினாலும் குரல் உயரக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது. முதலில் போனை வைக்கக் கூடாது. கடைசியில் புகாரைத் திருப்பிப் படித்துக்காட்டி, "சரிதானே?" என்று கேட்டு, "சரி" வாங்கியே தீர வேண்டும். எல்லாம் பதிவாகும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஓர் அழைப்பு.

"ஒரு புகார் குடுக்கணும். மூணு தடவை வேற ஆன்ட்டி எடுத்தாங்க, வச்சிட்டேன்."

"அடியே, நீயா? உனக்கு..." என்று ஆரம்பித்தவள், முதுகுக்குப் பின்னால் கண்காணிப்பாளர் கனைத்ததும் தேனுக்குத் திரும்பினாள். "சொல்லுங்க மேடம். எந்தப் பொருள்?"

"அம்மா."

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு."

"என்ன கோளாறு?"

"சத்தம் அதிகம். காலைல அஞ்சரைக்கே தானா ஓட ஆரம்பிச்சிடுது. நிறுத்த பட்டனே இல்ல."

"துணியைக் கண்ட இடத்துல போட்டா, எந்த மெஷினும் சத்தம் போடத்தான் செய்யும் மேடம்."

"கஸ்டமரைக் குத்தம் சொல்றீங்களா? மேலதிகாரிகிட்ட பேசட்டுமா?"

"ஐயோ, மன்னிச்சிடுங்க. மேல சொல்லுங்க."

மகளின் குரல் இறங்கியது. "எல்லார் முன்னாடியும் எச்சி தொட்டு மூஞ்சியத் தொடச்சிடுது. எனக்கு மானமே போச்சு. சொல்ல வந்தா, 'என் பொண்ணு, நான் தொடைக்கிறேன், எவளுக்கு என்ன'ன்னு சண்டைக்கு வருது. ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்ல. அதான் இங்க போன் போட்டேன்."

அம்மாவின் நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"புகாரைப் படிக்கிறேன் மேடம். எல்லார் முன்னாடியும் உங்களைச் சின்னக் குழந்தை மாதிரி நடத்தினாங்க. உங்களுக்கு அவமானமா இருந்துச்சு. நீங்க சொல்ல வந்தப்போ... அம்மா காது குடுத்துக் கேக்கல." தேன் எங்கோ காணாமல் போய்க் குரல் கரகரத்தது. "சரிதானே?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி."

"தப்பு எங்க பக்கம்தான். என்ன செஞ்சா உங்களுக்குத் திருப்தி?"

"நாளைக்கு மேட்சுக்கு அம்மா வரலாம். கைக்குட்டை வரக் கூடாது. கடைசி வரிசை."

"மூணாவது வரிசை?"

"ம்... சரி. ஆனா கூப்பாடு போடக் கூடாது."

"எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் மேடம்?"

"நாலு."

"மீதி ஒண்ணு?"

"நாளைக்குப் பாத்துட்டு."

மறுநாள் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அணி ஜெயித்தது. மகள் வியர்வையும் மண்ணுமாக மூன்றாவது வரிசைக்கு ஓடிவந்தாள். மோவாயில் அதே இடத்தில் ஒரு திட்டு மண். அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கேன்?" வேண்டுமென்றே முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள் மகள்.

அம்மாவின் விரல்கள் துடித்தன. "பிரமாதம் மேடம்."

மகள் சட்டைக் கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு."