வளைந்த கோடு

கொப்பரையில் வெள்ளை பெயிண்ட் கொதித்துக்கொண்டிருந்தது, கார்க்காரரைத்தான் காணோம். சைக்கிள் பாதையின் எல்லைக் கோட்டின் மேலேயே வண்டியை ஹாயாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சாலைகளில் மண்டியிட்டுக் கோடு போட்டே முழங்கால் தேய்ந்த கோட்டுக்காரர், கையில் கோட்டுக்கு நேர் பிடிக்கும் கயிற்றோடு மூன்றாம் முறையாகக் கடைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

எட்டு வருடம் முன்பும் இதே இடத்தில் இப்படி ஒரு கார் நின்றது. அன்று வெயில், அலுப்பு. யார் கேட்கப் போகிறார்கள் என்று காரைச் சுற்றி, நடைபாதைப் பக்கமாகக் கோட்டை வளைத்துவிட்டார். கார் போய்விட்டது, வளைவு தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பழைய தடத்தின் மேலேயே அடித்தார்கள். அந்த இடத்தில் சைக்கிளுக்கு மிஞ்சியது இரண்டு சாண்.

போன வாரம் சலவைக்கடை வேலை முடிந்து சைக்கிளில் வந்த அவர் மனைவியை அங்கேதான் பஸ் உரசியது. நிற்கக்கூட இல்லை.

"கோடு போற பக்கம்தானே பஸ்ஸும் வரும்," என்றாள் கட்டுப்போட்ட கையோடு. "எந்த மகராசன் போட்டானோ!"

அவர் ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

இன்று எப்படியாவது நேராக்கிவிட வேண்டும். மேஸ்திரி வரைபடத்தை நீட்டினார். "வளைவு இதுலயே இருக்குண்ணே. அப்படியே போட்டுட்டுக் கெளம்புங்க."

"அது நான் பண்ண தப்புங்க."

"எட்டு வருஷம் ஆச்சுல்ல? இனிமே அது தப்பு இல்ல, டிசைன்." சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்.

கோட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. காரின் பின் சக்கரம் வரை நேராகப் போட்டு நிறுத்தினார். உடம்பெல்லாம் வலித்தது.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள், ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு. காருக்குப் பின்னால் இறங்கினாள். இடப்பக்கம் நுழைய வழியில்லை, வலப்பக்கம் பஸ்கள்.

"என்னங்க, பாதியில நிக்குது?"

"அந்த மகராசன் நான்தான்," என்றார்.

அவள் தன் கைக்கட்டைப் பார்த்தாள். பழைய வளைவைப் பார்த்தாள். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அவர் கையிலிருந்த கயிற்றின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு காரின் முன்பக்கம் நடந்தாள்.

கொப்பரை ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் குந்தி இழுத்துப் பிடிக்க, காருக்கு அடியில் கயிறு நேராக நின்றது.