அஞ்சு பேப்பரிலும் இடது கொம்பு

"அஞ்சு பேப்பர்ல வந்திருக்கும்மா. அஞ்சு பேருமா சேர்ந்து பொய் சொல்லுவாங்க?"

எஸ்.ஐ. பெருந்தேவி கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால். நான்கு மணிக்கு ஜான்சனைச் செங்கல்பட்டு கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சிலை கடத்தல் கேஸ். போனால் இப்போதைக்குத் திரும்பி வரமாட்டான் என்பது ஷாரோனுக்குத் தெரியும்.

அவள் புருஷன் ஜான்சன் நேற்றைய சட்டையோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வாசலில் அவனுடைய குட்டியானை வண்டி. வேப்பமரத்தடியில் இரண்டடி உயரக் கருங்கல் நந்தி.

நடந்தது இவ்வளவுதான். மாமல்லபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் அருணகிரி ஸ்தபதி ஒரு நந்தி செதுக்கினார். கடைசி நேரத்தில் கொம்பு ஒடிந்தது. பின்னமான சிலையைக் கோயிலுக்கும் கொடுக்கக்கூடாது, பட்டறையிலும் வைக்கக்கூடாது. தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது அவர்கள் வழக்கம். திங்கட்கிழமை விடியலில் அதைச் சாக்கில் சுற்றி ஜான்சன் வண்டியில் ஏற்றி, சதுரங்கப்பட்டினம் முகத்துவாரத்தில் இறக்கிவிட்டார். புதன்கிழமை காலை அது ஒரு மீனவன் வலையில் சிக்கியது. மாலைக்குள் யாரோ வண்டி நம்பரைச் சொல்லிவிட்டார்கள். இன்று வியாழன், பேப்பர் பேப்பராக 'ஆயிரம் ஆண்டு நந்தி'.

"ஸ்தபதி அச்சரப்பாக்கம் பக்கம் கோயில் வேலையாமே. போன் ஸ்விட்ச் ஆஃப். பட்டறை பூட்டிக் கிடக்கு. நான் யாரை நம்புறது?" என்றார் பெருந்தேவி.

"அந்தப் பேப்பருங்கள கொஞ்சம் குடுங்க மேடம்."

ஷாரோன் அணுபுரம் போகிற வழியில் டி.டி.பி. கடையில் வேலை பார்ப்பவள். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் வெளியே போகும். எழுத்தையும் படத்தையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகிய கண். ஐந்தையும் மேஜையில் வரிசையாக விரித்தாள்.

ஐந்திலும் 'இடது கொம்பு ஒடிந்த நிலையில்'. ஐந்திலும் 'தொல்லியல் ஆர்வலர்கள் தெரிவித்தனர்'. ஆர்வலருக்குப் பெயர் ஒன்றிலும் இல்லை.

எழுந்துபோய் வேப்பமரத்தடியில் நந்திக்குப் பின்னால் நின்றாள். அது பார்க்கிற திசையிலேயே பார்த்தாள். ஒடிந்திருந்தது வலது கொம்பு.

ஓடிவந்து மறுபடியும் படங்களைப் பார்த்தாள். நான்கு பேப்பரில் நந்தியை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்தாவதில் பின்னால் ஒரு படகு. படகில் எழுதியிருந்த பெயர் தலைகீழ் அல்ல, இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

"இது செல்ஃபி மேடம். சில போன்ல கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். எங்க கடையில தெனம் நாலு வரும். அஞ்சு பேரு நேர்ல வந்து பாத்திருந்தா, ஒருத்தராவது வலதுன்னு எழுதியிருப்பாங்கல்ல? எல்லாரும் ஒரே போட்டோவப் பாத்துகினு எழுதியிருக்காங்க. இது அஞ்சு இல்ல மேடம், ஒண்ணு."

பெருந்தேவி பேப்பரை வாங்கி உற்றுப் பார்த்தார். "சரி. கொம்பு மாறினா வயசு மாறிடுமா?"

நியாயமான கேள்வி. ஷாரோன் போனை எடுத்தாள். உள்ளூர் நிருபர் கிச்சா அவள் கடையில்தான் விசிட்டிங் கார்டு அடிப்பார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிச்சா சார், நந்தி நியூஸ் நீங்க போட்டதா?"

"நான்தாம்மா ஃபர்ஸ்ட்! மத்த நாலு பேரும் என்கிட்ட வாங்கினதுதான்."

"தொல்லியல் ஆர்வலர்னு போட்டீங்களே, யாரு சார் அது?"

கிச்சா இருமினார். "வாட்ஸ்அப்ல படத்துக்குக் கீழ போட்டிருந்தது…"

"யாரு போட்டாங்க?"

"அந்த வலைக்காரப் பையன். ஜெபக்குமார்."

ஷாரோன் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஜெபக்குமார் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, முறுக்கு மீசை.

"ஆயிரம் வருஷம்னு எவன்டா சொன்னான்?"

"எவனும் சொல்லலக்கா. நந்தி மாட்டிச்சுன்னு சும்மா போட்டா எவன் லைக் போடுவான்? மொதல்ல நூறுன்னுதான் போட்டேன். கம்மியாத் தெரிஞ்சுது. இன்னொரு சைபர் சேத்துகினேன்."

"உன் சைபரால எங்க வூட்டுக்காரரு ஜெயிலுக்குப் போறாருடா!"

அவன் மடியிலிருந்த வலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். "யக்கா, மாதா சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா! கயிறு கட்டி இழுத்தத வீடியோ எடுத்து வெச்சிகிறேன், பாக்குறியா?"

வீடியோவில் நான்கு பேர் நந்தியை மணலில் உருட்டினார்கள். ஒரு விநாடி அது மல்லாந்தது. ஷாரோன் அங்கே நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

"ஏறுடா வண்டியில."

ஸ்டேஷன் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஜான்சன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.

"மேடம்! ஒரே ஒரு வாட்டி அத்த கவுத்துப் பாருங்க!"

வீடியோவைப் பார்த்த பெருந்தேவி நந்தியை நோக்கிக் கையைக் காட்டினார். நான்கு கான்ஸ்டபிள்கள் மூச்சுப் பிடித்து நந்தியைச் சாய்த்தார்கள். அடிப்பாகம் வழவழவென்று இருந்தது. அதில் வட்ட வட்டமாகக் கோடுகள்: கல் அறுக்கும் மெஷின் ஓடிய தடம். ஓரத்தில் சிவப்பு எனாமல் பெயின்டில் பட்டறைக் குறி: 'அருணகிரி 14'.

பெருந்தேவி நகத்தால் சுரண்டினார். சிவப்பு நகத்தில் ஒட்டியது.

"ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி கட்டிங் மிஷின் இருந்துச்சா மேடம்?" ஜீப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டே ஜான்சன் கேட்டான்.

"நேத்தே கவுத்துப் பார்த்திருக்கணும்," என்றார் பெருந்தேவி, தனக்குத்தானே. பிறகு உரக்க, "ஜீப்பை ஆஃப் பண்ணுய்யா. ஜான்சன், ஸ்தபதி வந்து எழுதிக் குடுக்கிற வரைக்கும் ஊரை விட்டுப் போகக்கூடாது. வீட்டுக்குப் போ. ஜெபக்குமார், நீ இரு. உன்கிட்ட பேசணும்."

மறுநாள் ஷாரோன் ஐந்து பேப்பரும் வாங்கினாள். மூன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் 'சிலை கடத்தல் டிரைவர் விடுவிப்பு'.

"வுட்டப்புறமும் கடத்தல் டிரைவராடி நான்?" என்றான் ஜான்சன்.

கிச்சாவின் பேப்பர் மட்டும் ஒன்பதாம் பக்கத்தில், தங்கம் விலைக்குக் கீழே, இரண்டு வரி போட்டிருந்தது. இரண்டாவது வரி: 'சிலை பழமையானதல்ல, டிரைவருக்குத் தொடர்பில்லை'. ஷாரோன் அதைக் கடைக்கு எடுத்துப்போய் எட்டு மடங்கு பெரிதாக்கி, லேமினேட் செய்து, குட்டியானையின் முன்கண்ணாடியில் ஒட்டினாள்.

ஜான்சன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "ஏய், இதுலயும் 'இடது கொம்பு ஒடிந்த'ன்னுதான் கீது. நீ கம்ப்யூட்டர்ல மாத்தியிருக்கலாமே?"

"நான் மாத்தினா அது பேப்பர்ல வந்ததா இருக்காதுய்யா. வண்டிய எடு."