பதினோரு மெத்தை

எங்கள் வீட்டில் பதினோரு மெத்தைகள் இருந்தன. மூன்று வருடம் நாங்கள் வெறுந்தரையில் படுத்தோம்.

என் வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்து நொடித்துப் போனவர். மிஞ்சியவற்றைக் கூடத்தில் அடுக்கியபோது இடிக்கிறதென்று மின்விசிறியையே கழற்ற வேண்டியதாயிற்று. விற்றுத் தொலைக்கலாம் என்றால், உறையெல்லாம் கடைப் பெயர். திவாலானவன் மெத்தையில் படுத்தால் தூக்கமும் திவாலாகும் என்று ஒருவரும் வாங்கவில்லை. உள்ளே இருந்த பஞ்சோ கடனுக்கு வாங்கியது.

"அடுத்தவன் பஞ்சுல முதுகு வைக்க மாட்டேன். கடன் அடையட்டும்" என்றார்.

வறட்டு கௌரவம் என்று நான் கத்தாத நாளில்லை. என் இடுப்புக்கு யார் பதில் சொல்வது?

இன்னொருவர் கடையில் தலையணை தைத்துத் தைத்து, ஒருவழியாக முழுத் தொகையும் சேர்ந்தது. தேய்த்த சட்டை போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பஞ்சு மண்டிக்குப் போனார். எங்களைக் கண்டதும் மண்டிக்காரர் பின்வாசல் வழியாக ஓடினார். மறுநாளும் ஓடினார். கொடுத்தவன் ஓட, வாங்கினவன் துரத்தும் கூத்தை எங்கள் தெரு அப்போதுதான் பார்த்தது.

மூன்றாம் நாள் முடிதிருத்தும் கடையில், பாதி முகத்தில் நுரையோடு மாட்டினார். கடைக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, உன் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். வியாபாரிகள் சங்கத்துல வள்ளல்னு கேடயம் குடுத்துட்டாங்க. அடுத்த வாரம் தலைவர் தேர்தல் வேற. இப்ப வாங்கினா என் மானம் போயிடும்."

"வாங்கலைன்னா என் மானம் போயிடும்ண்ணே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மானத்துக்கு நான் என்ன நடுவரா?

"சரி, வாங்கிக்கறேன்" என்றார் மண்டிக்காரர் கடைசியில். "ஆனா ரசீது கிடையாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பணத்தையும் குடுத்துட்டு ஏமாத்துக்காரன்னு பேரும் வாங்கவா மூணு வருஷம் தரையில கெடந்தோம்?"

என் வீட்டுக்காரர் பணப்பையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "நான் ஊருகிட்டயா கடன் வாங்கினேன்? இவர்கிட்டதானே" என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். மண்டிக்காரர் முகத்து நுரையைத் துடைத்த கையோடு இரண்டு முறை எண்ணினார். வள்ளல்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏணி போட்டு மெத்தைகளின் மேல் ஏறினார். நட்டநடு மதியம். மூக்குக்கும் கூரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. மூன்று வருடமாக அவர் குறட்டையே விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணியடியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கடைத்தெருவில் ஒருத்தி என்னைக் காட்டி, "கடனை ஏப்பம் விட்டவர் பொண்டாட்டி" என்றாள். அவர் காதில் விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். சத்தியம் செய்தவர் ஆயிற்றே.

நான் செய்யவில்லை. மண்டிக்கு எதிரே இருக்கும் காய்கறிக்காரியிடம் ஆரம்பித்தேன். நீங்கள் இருபத்து மூன்றாவது ஆள்.