யூதாஸின் கொப்பி

இயேசுவாக நடிக்க இருபது பேர் முண்டியடிப்பார்கள். யூதாஸாக நடிக்க அந்த முல்லைத்தீவுக் கரையில் ஈ காக்காய் வராது. வேஷம் குடும்பத்தில் ஒட்டிவிடும் என்று அவ்வளவு பயம். அதனால் பெரிய வெள்ளி நாடகத்தைப் பழக்கிய கொன்ஸ்ரன்ரைன் வாத்தியாரே பதினொரு வருடமாக அந்த வேஷத்தையும் போட்டார். சும்மா போட்டாரா? அவர் அழுகிற அழுகையில் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த மண்தான் தன் பதக்கம் என்று மனுசனுக்குப் பெருமை வேறு.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தபசு கால நோன்பு தொடங்கச் சற்று முன்பு, கரையில் வலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இராயப்பு வந்து வாத்தியார் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய மகனுக்கு வாத்தியாரின் மகள் மார்கிறட்டைப் பேசியிருந்தது.

"குறை நினையாதேங்கோ வாத்தியார். யூதாஸின்ர மகளை எடுத்தவை எண்டு சனம் கதைக்கும். இந்த முறை வேஷத்தை வேற ஆளிட்டைக் குடுங்கோ. பாஸ்குத் திருநாள் முடியக் கலியாணத்தை வைப்பம்."

"ஓம், குடுக்கிறன்," என்றார் வாத்தியார். கதவுக்குப் பின்னால் நின்ற மார்கிறட்டுக்கு அன்று சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை.

ஆளும் கிடைத்தான். கிழிந்த வலை பொத்துகிற சின்னராசா. "எனக்கென்ன வாத்தியார், எப்பிடியும் ஒருத்தரும் பொம்பிளை தரப்போறதில்லை," என்று சிரித்தான்.

வசனம் எழுதிய கொப்பி கொடுக்கிற ஞாயிறு, பூசை முடிந்து ஊரே கோயில் முற்றத்தில் கூடியது. அவரவர் தம் வசனத்தைச் சபை முன் சொல்லிக்காட்டிய பிறகுதான் வாத்தியாரிடம் கொப்பி வாங்கலாம். அது அந்த ஊர் முறை. சின்னராசா மண்டியிட்டு, "ஐயோ, என் ஆண்டவரை நானே காட்டிக்கொடுத்தேனே!" என்று மீன் விலை கூறுகிற குரலில் கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும்.

யூதாஸைப் பார்த்துச் சிரிப்பு! வாத்தியாருக்கு உள்ளங்காலில் இருந்து பற்றி எரிந்தது. வைதால் பொறுப்பார், மண்ணெறிந்தால் பொறுப்பார், இதைப் பொறுக்க அவரால் ஏலவில்லை. நாசமாய்ப் போன நாடகப் பைத்தியம்! "எழும்படா!" என்று அவனை விலக்கி, அதே இடத்தில் தானே மண்டியிட்டார். அதே வசனத்தைச் சொன்னார். பின்னாலிருந்த கிழவி ஒருத்தி, "பாழ்படுவான்!" என்று மண்ணை அள்ளினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இராயப்பு மகனின் கையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். என்ன செய்தோம் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய் மறித்திருக்கலாம். கையில் கொப்பி இருந்தது. அவர் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, முற்றத்திலிருந்து முன்னமே வந்துவிட்ட மார்கிறட் அலுமாரியிலிருந்து யூதாஸின் மஞ்சள் அங்கியை எடுத்துத் தோள் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வருடா வருடம் அவள்தான் தைப்பாள்.

"பிள்ளை..." என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போட்டுப் பாருங்கோ அப்பு. இனி வருசா வருசம் நீங்களே போடலாம். தைக்க நானும் வீட்டிலைதான் இருப்பன்."