துரியோதனனின் இடது தொடை

கடத்தூரில் உரக்கடைக்கு மேல்மாடியில் நான் மருத்துவமனை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 'டாக்டர் நிர்மலாதேவி, விளையாட்டு வீரர்கள் மற்றும் கலைஞர்களுக்கான மருத்துவம்' என்று பெரிய பலகை. வந்தவர்கள் எல்லாம் சளிக்கு ஊசி கேட்டார்கள். ஊசி வேண்டாம், ஆவி பிடியுங்கள் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கி எதிரில் இருந்த டாக்டரிடம் போனார்கள். அவருக்குக் கைராசியாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் கையில்தான் இருக்கிறதென்றால் நான் எதற்குச் சென்னையில் போய் அத்தனை வருடம் படித்தேன்?

என்னை நம்பி வந்த ஒரே மனிதர் மாயவன். பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டியின் ஓட்டுநர். பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் துரியோதனன். ஒத்திகையில் சுற்றிச் சுற்றி ஆடியபோது இடது தொடையின் முன்தசை கிழிந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற கால் அதுதான். இரண்டு மாதமாக அந்தத் தொடையை நான் குழந்தையைப் போலப் பார்த்துவந்தேன். அது தேறினால் என் மருத்துவமனை தேறும். வேறு பலகை தேவையில்லை.

"இன்னும் மூணு வாரம் அதில் ஒரு தட்டுகூட விழக்கூடாது. திரும்பக் கிழிஞ்சா வண்டியை மறந்துட வேண்டியதுதான்" என்றேன்.

மாயவன் தலையைச் சொறிந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம என்னக் கொல்றாங்களேம்மா."

கடத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அவர் ஊரில் வழக்கம் அப்படி. கூத்தின் கடைசி நாள் காலையில், மைதானத்தில் மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி ஆள் துரியோதனன் ஓட, பீமன் துரத்திப் பிடித்துக் கதாயுதத்தால் இடது தொடையில் அடிப்பான். தொடையில் கட்டிய குங்குமத் தண்ணீர்ப் பை உடையும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். அதற்குப் பிறகுதான் மழை வரும். மூன்று வருடமாகச் சரியான மழை இல்லை என்பதால் இந்த வருடம் ஊரே அடிக்காகக் காத்திருந்தது.

"வேற ஆளைப் போடச் சொல்லுங்க."

"காப்புக் கட்டியாச்சிம்மா. இனிமே செத்துதான் அவுக்கணும்." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "பீமன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம் பாத்து மெதுவாத் தட்டுவான். பை ஒடையாது. ஊரு என்னத்தான் பேசும்."

மறுநாள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்படியில் ஏறி வந்தார் வீரமணி. பழைய கபடி ஆட்டக்காரர். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே எழவில்லை.

"இந்தக் கையால கனமா எதாவது தூக்குற வேலை இருக்கா?"

"கதாயுதம் ஒண்ணுதாங்க."

அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

"நாந்தாங்க பீமன். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்கம்மா. பீமனுக்குக் கை வரலைன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியுங்களா? கண்ண மூடிக்கிட்டு வீசிடறன். எங்க படுதோ அங்க படட்டும்."

எங்கே படுமோ! நோயாளியின் ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழில் தர்மம். அந்தத் தர்மம் மீன்முள்ளைப் போல என் தொண்டையில் குத்திக்கொண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஊர்க்கவுண்டர் மாரியப்பனைப் போய்ப் பார்த்தேன். கதாயுதத்தை ஸ்பாஞ்சில் செய்தால் என்ன என்று கேட்டேன்.

"ஸ்பாஞ்சுல அடிச்சா மழ வருங்களா?"

"அப்போ வலது தொடையில் அடிக்கட்டுமே."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சபையில தட்டிக் காட்டுனது எடது தொடைங்க. உங்க சௌகரியத்துக்கு மகாபாரதத்த மாத்த முடியுங்களா?"

மைதானத்து ஓரத்தில் நான் முதலுதவிப் பெட்டியோடு உட்காரலாம் என்பதற்கு மட்டும் சம்மதித்தார்.

ஞாயிறு காலை, என் உதவியாளர் சுகுணாவோடு போய் உட்கார்ந்தேன். மேளம் முழங்க ஆட்டம் தொடங்கியது. துரியோதனன் நொண்டிக்கொண்டு ஓடினார். பீமன் அதைவிட மெதுவாகத் துரத்தினார். எங்கே எட்டிப் பிடித்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. மண் துரியோதனனை ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். துரியோதனன் நின்று மூச்சு வாங்கினால் பீமனும் நின்று சலங்கை கட்டினார். நெருங்கி வந்தால் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு, துரியோதனன் பிறந்ததிலிருந்து செய்த பாவங்களை எல்லாம் ராகம் போட்டுச் சொன்னார். மோர் தீர்ந்தது. ஐஸ் வண்டிக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பவும் ஐஸ் கொண்டுவந்தார்.

கவுண்டர் மைக்கைப் பிடித்தார். "யப்பா பீமா, அடிச்சித் தொலப்பா. வெயில் ஏறுது."

அப்போதுதான் துரியோதனன் மண் தொடைமேல் ஏறி நின்றார். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"அடிக்கறதுன்னா டாக்டரம்மா வந்து அடிக்கட்டும். எங்க அடிக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

கூட்டம் என்னைப் பார்த்தது. பீமன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னொரு முகத்தில் பார்த்ததில்லை. இடது கையால் கதாயுதத்தை இழுத்துக்கொண்டு ஓடி வந்து என் மடியில் வைத்தார்.

"பொம்பள அடிக்கறதா? பாரதத்துலயே இல்லியே!" என்றார் கவுண்டர்.

திரௌபதி வேடம் போட்ட சந்திரன், இடுப்பு வரைக்கும் தொங்கிய சவுரிமுடியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் வந்தார். "சபதம் போட்டது பொம்பளதானுங்களே? பொம்பள அடிச்சா என்ன கொறஞ்சிபோச்சி? கழுத்து நோவுதுங்க, சீக்கிரம் முடிய முடியணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. கவுண்டர் மைக்கைக் கீழே இறக்கினார்.

இரண்டு மாதம் நீவிக்கொடுத்த தொடை. எந்த இடம் கிழிந்தது, எந்த இடம் ஒட்டியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். பையை அவிழ்த்து, தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே மாற்றிக் கட்டினேன்.

"மாயவன், வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"அடிங்கம்மா" என்றார். "பீமன் அடிக்கறதுக்கு நீங்க அடிக்கறது எவ்வளவோ மேல்."

கதாயுதத்தைப் பக்கவாட்டில் வீசினேன். பை உடைந்தது. மாயவன் போட்ட அலறலில் என் உயிர் போய்விட்டது. அப்படியே மரம் சாய்வதுபோல விழுந்தார். கதாயுதத்தை எறிந்துவிட்டு ஓடினேன்.

"மாயவன், முட்டியை மடக்குங்க! மடக்குங்க, பார்க்கணும்!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "செத்துட்டன்மா. தள்ளிப் போங்க."

விடுவேனா? மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். அது பழக்கம். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. கவுண்டர் மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார்.

"செத்துட்டானுங்களா?"

மருத்துவம் படித்த நாளிலிருந்து நான் பொய் சொன்னதில்லை. விரலடியில் நாடி குதிரை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது, குங்குமத் தண்ணீருக்குள் மாயவனின் இடது கால் கட்டைவிரல் கிளட்ச் மிதிப்பதுபோல ஒருமுறை அழகாக அழுந்தி மேலே வந்தது.

"ஆச்சுங்க" என்றேன்.

திரௌபதி கூந்தல் முடித்தார். சாயங்காலம் கடத்தூரே மிதக்கும்படி மழை கொட்டியது.

மறுநாள் என் மாடிப்படியில் நிற்க இடமில்லை. சளி, முதுகுவலி, கழுத்துச் சுளுக்கு என்று வரிசை. "இந்தம்மாவுக்கு என்னா கைராசி பாத்தியா, ஒரே அடிதான்!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒரு வருடம் உயிரைக் கொடுத்து வைத்தியம் பார்த்து வராத பேர், ஒருவரைக் கொன்று வந்திருக்கிறது. வரிசையின் கடைசியில், துண்டால் தலையை மூடிக்கொண்டு வீரமணி நின்றிருந்தார்.

கீழே ஆரன் சத்தம் கேட்டது. தக்காளி வண்டி. ஓட்டுநர் இருக்கையில் மாயவன். படியில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினேன். அவர் கிளட்சை மிதித்து மிதித்துக் காட்டினார். வலிக்கவே இல்லையாம். நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிறாராம்.

"அடுத்த மாசம் எங்க ஊர்லயும் துரியோதனன் சாவறானுங்கம்மா. நீங்கதான் வந்து கை வெக்கணும்."

நான் டாக்டர், கொலைகாரி இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். வண்டிக்குள் மாயவனின் இடது கால் இன்னும் கிளட்சின் மேல் இருந்தது.

"முதல்ல அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க. தொடையைப் பார்க்காம நான் அடிக்க மாட்டேன்" என்றேன். "பீமனையும் அனுப்புங்க. சேர்ந்து வேண்டாம். தனித்தனியா வரட்டும்."